விமலா எடுத்த இருவாச்சிப் படம்

கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் உழைத்துத் தோள் தேய்ந்துபோன விமலா, ஈப்போ நகரின் கேமராக் கடையில் பெரிய லென்ஸ் எதையும் தொடவில்லை. "தூக்க முடியாததை வச்சு என்னலா செய்ய?" என்று, எடை குறைந்த, தூரத்தை இழுத்துக் காட்டும் ஜூம் கேமராவையே வாங்கினாள்.

பிறந்த ரப்பர்த் தோட்டத்தில், மரப்பொந்துக்குள் குஞ்சோடு அடைந்திருந்த பெட்டைக்கு ஆண் இருவாச்சி பழம் ஊட்டுவதை ஆற்றுக்கு இக்கரையிலிருந்தே எடுத்தாள். பெருமை தாங்காமல் வாட்சாப் பறவைக் குழுவில் போட்டாள். இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் தோட்டத்து மாரியம்மன் கோபுரம் விழுந்திருந்தது. தெரிந்தவனுக்கு அது போதும்.

அடுத்த ஞாயிறு போனபோது, எந்தப் படுபாவியோ பொந்தைக் கோடாரியால் பிளந்திருந்தான். பெட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. ஆண் மட்டும் அலகில் பழத்தோடு உட்கார்ந்திருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "அக்கா, இந்த வாரம் படம் இல்லையா?"