கீழே இருப்பவருக்கு யாரும் சொல்லவில்லை

மூன்றாம் வகுப்பில் என்னை இரண்டு வருடம் உட்கார வைத்தார்கள். மூன்றாவது வருடம் நானே எழுந்து வந்துவிட்டேன். அதனால் நாட்டு வரலாறு எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் என் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்துதான். வடக்குத்து ஊரிலிருந்து நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கு ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன். போகும்போது பாடத்தை ஒப்பிப்பார்கள். வரும்போது அதையே தங்கள் இஷ்டத்துக்குச் சொல்வார்கள். அதில் ராஜாக்கள் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போருக்குப் போவார்கள். வெள்ளைக்காரர்கள் மழைக்கு ஒதுங்க வந்து, மழை விட்ட பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் புரிந்த வரலாறு அதுதான்.

ஒருநாள் பள்ளியில் சுரங்கத்தைப் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். கீழே போகப் போக மண் பழசாகிக்கொண்டே போகும், அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி ஒரு காலத்தில் காடாக இருந்தது என்று டீச்சர் சொன்னாராம். திரும்பி வரும்போது பிள்ளைகள் அதையும் வரலாற்றுப் புத்தகத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். இருப்பதிலேயே பெரியவன், கண்ணாடி போட்ட பையன், ஸ்கூல் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினான். மேலே இருப்பது நாம். அதற்குக் கீழே தாத்தாக்கள். அதற்குக் கீழே வெள்ளைக்காரர்கள். அப்புறம் ராஜாக்கள். கடைசியில் மரம். ஐந்து பையும் சரியாமல் நின்றன. எனக்கும் சரி என்றுதான் பட்டது.

என் முதுகுக்குப் பின்னால் உட்காரும் இரண்டாம் வகுப்புப் பெண் அப்போதுதான் கேட்டாள். அவள் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"மாமா, நீங்களும் மைன்ஸ்ல வேலை செஞ்சீங்கதான? கீழ வெள்ளைக்காரங்களப் பாத்தீங்களா?"

ஆட்டோ வாங்குவதற்கு முன் ஒன்றரை வருடம், நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து சேறு வாரியிருக்கிறேன். அங்கே நான் பார்த்தது சேறு மட்டும்தான். ஆனால் ஏழு பிள்ளைகளும் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்போது சேறு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"ஒருத்தரப் பாத்தேன்" என்றேன். "தொப்பி போட்டுகினு உக்காந்துகினு இருந்தாரு. மணி இன்னா ஆவுதுன்னு கேட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வெள்ளைக்காரர் என் உதவி இல்லாமலேயே வளர ஆரம்பித்தார். நான் கொடுத்தது ஒரு தொப்பிதான். மறுநாள் அவர் மடியில் துப்பாக்கி இருந்தது. அதற்கு மறுநாள் பூட்ஸுக்குள் ஊற்றுத்தண்ணீர் ஏறியிருந்தது. கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. வண்டிக் கண்ணாடியில் பார்ப்பேன், ஏழு தலைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவான குரலில், பாடம் ஒப்பிப்பதுபோல, ஒரே வார்த்தைகள், ஒரே இடத்தில் நிறுத்தல். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தன் தொடங்குவான். வாரக் கடைசியில் கண்ணாடிக்காரன் மிச்சத்தையும் கண்டுபிடித்துவிட்டான்.

"அவரு ஏன் இன்னும் டியூட்டியிலயே இருக்காருன்னா, சுதந்திரம் கிடைச்சது அவருக்குத் தெரியாது. யாரும் கீழ போய்ச் சொல்லல."

அந்த ஆளை உண்டாக்கியவனே நான்தான். இருந்தும் தேவையில்லாமல் ஒருமுறை ஹார்னை அடித்துக்கொண்டேன். பின்னால் இருந்த பெண் அன்று வீடு வரும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள் அவளை ஏற்றப் போனால், ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போயிருக்க வேண்டிய அவள் அப்பா லுங்கியோடு வாசலில் நிற்கிறார். கேட் பாஸைக் காணோமாம். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முந்தின நாளும் அப்படித்தான், தேடி எடுத்தால் அரிசி டிரம்முக்குள் கிடந்ததாம். இன்று மகள் எங்கே ஒளித்தாள் என்றே தெரியவில்லை. நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம்.

"நான் கீழ போனா அவரு சுட்டுடுவாருன்னு அழுவுதுண்ணே. எவருன்னு கேட்டா, உன்னக் கேக்கச் சொல்லுது" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. என் ஆட்டோவின் முன்சக்கரத்தைக் காலால் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

"நீ ஏத்தி வுட்டத நீயே எறக்கி வுட்டுடுண்ணே."

சாயங்காலம் வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஏழு பேரிடமும் ஒப்புக்கொண்டேன். அது பொய், நான் பார்த்தது சேறுதான், என் அம்மா மேல் சத்தியம் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"பாத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான் கண்ணாடிக்காரன், மற்றவர்களிடம். "வெளிய சொல்லக்கூடாதுன்னு அவரு சொல்லியிருப்பாரு."

இருப்பதிலேயே சின்னவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லி மாட்டியிருக்கிறேன். உண்மையைச் சொல்லி மாட்டியது அன்றுதான்.

என் முதுகுக்குப் பின்னால் உட்காரும் பெண் நோட்டிலிருந்து கிழித்து மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

"இத அவருக்குப் படிச்சிக் காட்டுங்க மாமா. அப்பறம் அப்பாவ அனுப்பறேன்."

வேறு வழியில்லாமல் வண்டியைச் சுரங்கம் பார்க்கும் மேட்டுக்குத் திருப்பினேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெயில் கீழே போய்ச் சேராத பள்ளம். கோபுரம் அளவு இயந்திரங்கள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. ஆட்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பெல்ட் ஓடும் இரைச்சல் மட்டும் எப்போதும்போல வந்துகொண்டிருந்தது. பகலும் இரவும் அதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது ஒரு சத்தமாகவே படாது.

வேலியைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, மூன்றாம் வகுப்பில் வாசித்த அதே லட்சணத்தில் வாசித்தேன்.

"மரியாதைக்குரிய ஐயா, எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மன்னிக்கவும். என் அப்பா மஞ்சள் ஹெல்மெட் போட்டிருப்பார். அவரைச் சுடாதீர்கள். நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

மஞ்சள் ஹெல்மெட்டை இரண்டு தடவை எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. எப்படியோ முடித்தேன். முடித்ததும் பெல்ட் இரைச்சல் நின்றது.

நிற்கும். பெல்ட்டில் ஏதாவது கோளாறு வந்தால் நிறுத்துவார்கள். அடியில் சேறு வாரியவன், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஒரு நிமிஷம் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. நான் சொல்லாமலே ஏழு பிள்ளைகளும் பள்ளியில் மௌன அஞ்சலிக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார்கள். நானும் நின்றேன். பிறகு இரைச்சல் மறுபடி கிளம்பியது.

"கேட்டுட்டாரு" என்றாள் அந்தப் பெண். சாக்ஸுக்குள் கையை விட்டு அப்பாவின் பாஸை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் ஏறினார்கள். ஏறி, ஒருவர்மேல் ஒருவர் நெருக்கிக்கொண்டு, இடது மூலையைக் காலியாக விட்டார்கள். ஏன் என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போலாம்னு நீங்கதான படிச்சீங்க?" என்றாள் அந்தப் பெண். "அவரு எதுல போவாரு?"

மறுநாளிலிருந்து அவள் அப்பா ஒரு ஷிஃப்ட் விடாமல் போகிறார். ஆனால் அந்த மூலை காலியாகவே இருந்தது. மழை நாளில் கூட மடியில் மடியாக உட்கார்ந்தார்களே தவிர அங்கே யாரும் உட்காரவில்லை. இந்த வேடிக்கைக்கு ஒரு முடிவு கட்டலாம் என்று என் சாப்பாட்டுப் பையை அங்கே வைக்கப் போனேன். கை தானாகத் திரும்பி வந்துவிட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வரும்போது கண்ணாடியைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுரங்கத்து ரோட்டில் யாரோ கைகாட்ட வண்டியை நிறுத்தினேன். வெயிலுக்குத் தலையில் தொப்பி, மேலெல்லாம் பழுப்புத் தூசி. சீட்டு முழுக்கக் காலியாகக் கிடக்க, அவர் நேராக அந்த மூலையில் போய் உட்கார்ந்தார். வடலூர் என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மணி இன்னா ஆவுது?" என்றார்.

திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். சுதந்திரம் கிடைச்சிடுச்சிங்க என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"நல்லா எறங்கிட்டாரா?" என்றாள்.

"எறங்கிட்டாரு."

அவள் அந்த மூலையைக் கையால் துடைத்தாள். உள்ளங்கையில் ஒட்டிய பழுப்புத் தூசியைப் பார்த்தாள். பாவாடையில் தேய்த்துவிட்டு, நகர்ந்து அங்கே உட்கார்ந்துகொண்டாள்.