மண் தள்ளும் வண்டி பார்க்கப் போனது

அங்கே இருந்தது நாலு பேர். நான். என் சம்சாரம். மாட்டுத் தரகர் ஒருவர். இப்போது பழைய வண்டிகளுக்கும் தரகு பார்க்கிறார். வண்டிக்குச் சொந்தக்கார அம்மா.

கோபி டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் வண்டி நின்றது. முன்னால் மண் தள்ளும் பக்கெட், பின்னால் தோண்டும் கை. மழைக்காலத்தில் சத்தியமங்கலத்து மலைப்பாதையில் மண் சரிந்தால் தள்ளுகிற வேலை என்னுடையது. கூலிக்கு ஓட்டினேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று சம்சாரத்தின் நகையை விற்றிருந்தோம்.

முதலில் இன்ஜினில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. முன்பே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. சாவி போட்டதும் பிடித்தது. பக்கெட்டைத் தூக்கி அப்படியே விட்டுப் பார்த்தேன். தானாக இறங்கவில்லை; எண்ணெய்க் கசிவு இல்லை.

"மாடாட்டம் பல்லையும் புடிச்சுப் பாத்துருங்க," என்றார் தரகர்.

"பல்லுப் பாக்கறது உங்க வேலைங்க," என்றேன்.

கேபின் கூரையைத் தாங்கும் இடது தூணில் மட்டும் பெயிண்ட் புதிது. நகத்தால் சுரண்டினேன். அடியில் வெல்டிங்.

"லாரியில இருந்து எறக்கறப்ப இடிச்சுதுங்க," என்றார் தரகர்.

"இல்லீங்கண்ணா," என்றார் அந்த அம்மா. "உருண்டுருச்சுங்க. மழைல ரோட்டோரம் எளகிக் கெடந்துது. எங்க ஊட்டுக்காரரு உள்ளதானுங்க இருந்தாரு."

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங் அம்மணி, வண்டி விக்கறீங்களா, ஒப்பாரி வெக்கறீங்களா?"



என் சம்சாரம் வண்டியை விட்டு விலகி நின்றாள். "வேண்டாமுங்க, போலாம். மழை பேஞ்சா நான் ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா?"

"நான் உக்காந்திருந்தேனுங்க அக்கா," என்றார் அந்த அம்மா. "தூணு மடங்காம இருந்திருந்தா வந்திருப்பாரு. மத்தபடி நல்ல வண்டிங்க."

நல்ல வண்டிதான் என்றேன். வெல்டிங் வைத்த தூண் இன்னொரு முறை உருண்டால் தாங்காது என்பதையும் சொன்னேன்.

"கேபினையே புதுசாப் போட்டா?" என்றாள் சம்சாரம்.

"தாங்கும். ஒரு லட்சம் ஆகும்."

"போட்டுட்டுத்தான் ஏறோணும். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கும்."

தரகர் தோளில் கிடந்த துண்டை விரித்தார். சந்தையில் மாட்டுக்குப் பேசுவதுபோல, துண்டுக்கடியில் என் விரலைப் பிடித்து விலை சொல்ல. பெண்கள் கை அதற்குள் போகாது. என் சம்சாரம் துண்டை வாங்கி மடித்து டயர் மேல் வைத்தாள்.

"அவங்க வாயில சொல்லட்டுமுங்க. கேபினுக்குக் கழிச்சுப்போட்டுச் சொல்லட்டும்."

ஆறரை லட்சம் என்றுதான் தரகர் எங்களைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா தூணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார். நான் குறைத்துக் கேட்கவில்லை.

ஐந்து லட்சத்து ஐம்பதாயிரம்.