கயிறு தேய்த்த வருஷம்

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், பங்குனி மாதம். அருப்புக்கோட்டையில் உள்ள பழைய கல் மண்டபங்களை ஒரே நாளில் நடந்தே பார்ப்பது, ஒவ்வொன்றும் எந்த வருஷம் கட்டியது என்று குறித்துக்கொள்வது என்ற தீர்மானத்தோடு பந்தல்குடியிலிருந்து இருட்டோடு கிளம்பினேன். கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. வழிப்போக்கர் தங்கிய மண்டபங்களைத்தான் யாரும் சீண்டுவதில்லை.

முதலில் போனது நெசவாளர் தெருக் கோடியில் நின்ற நாலுகால் மண்டபத்துக்கு. ரோட்டுக்கு ஜல்லி உடைக்க அதை யாரோ ஏலம் எடுத்திருந்தார்கள். அன்று காலையே இடிக்கப் போவதாகக் கேள்வி. தூணில் எழுத்து இருக்கிறது என்றும் சொன்னார்கள். கடப்பாறை விழுவதற்குள் அந்த வருஷத்தைப் படித்துவிட வேண்டும்.

தெரு நீளத்துக்கும் பாவு விரித்திருந்தார்கள். நெசவுக்கான நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, இரு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக நடந்து போய்ப் பார்த்தால், பாவின் கடைசிக் கயிறு நான் தேடி வந்த தூணிலேயே கட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் மாட்டு வண்டியோடு இடிக்கிற ஆட்களும் வந்து நின்றார்கள்.

"கயித்த அவுருங்க தாயி, நேரமாகுது" என்றார் வண்டிக்காரர்.

கயிற்றருகே நின்ற அம்மாள் பிரஷ்ஷை நிறுத்தவே இல்லை. "அவுத்தா ஈர நூலு பூரா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும். நூலுக்குச் சர்க்காரு கண்ட்ரோல் போட்டிருக்கான், தெரியும்ல? கல்லு என்ன ஓடியா போகப்போகுது?"

"கல்லு ஓடாது. ஏலம் எடுத்தவுக ஓடி வந்துருவாக!"

தெருவே சிரித்தது. அந்த அம்மாள் தங்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தது. காய்கிற பாவை யாரும் தொடுவதில்லை என்பது வண்டிக்காரருக்கும் தெரியும். மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்த நேரம் போதும். ஈரத்துணியால் தூணைத் தேய்த்தேன். எழுத்துகள் மங்கலாக இருந்தன. "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்ட அந்த அம்மாள், இடுப்புச் சுருக்குப்பையிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொடுத்தார். பூசித் துடைத்ததும் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த தர்மம் என்பது வரை தெளிவு. கடைசிச் சொல் 'வருஷம்'. எந்த வருஷம் என்பது கயிற்றுக்கு அடியில்.

வெயில் ஏறிப் பாவு காய்கிற வரை தூணை விட்டு நான் நகரவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் வண்டிக்காரர் எழுந்தார். "ஒரு நிமிஷம்" என்று குறுக்கே நின்று சுண்ணாம்பைப் பூசினேன். துடைத்தேன். மறுபடி பூசினேன். அங்கே எழுத்தே இல்லை. விரல் புதையும் ஆழத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம்தான் இருந்தது.

"எங்க மாமியாளுக்கு மாமியா காலத்துலருந்து இதுலதான் கட்டுறோம்" என்றார் அந்த அம்மாள். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "நாளைக்கு எதுல கட்டுறதாம்? உம்ம மாட்டுக் கொம்புலயா?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இந்த ஒரு தூணையாவது விட்டுவிடுங்கள் என்று நானும் வாதாடினேன். "ஏலத்துல நாலு தூணுய்யா. நான் கூலிக்கு வந்தவன்" என்றார் அவர். மத்தியானத்துக்குள் தூண் சாய்ந்தது. தெரு ஆட்கள் ஒரு மரக்கட்டையைக் கொண்டு வந்து அதே இடத்தில் குழி தோண்ட ஆரம்பித்தார்கள்.

மீதி மண்டபங்களையும் அன்றே நடந்து முடித்தேன். சில வருஷங்கள் கிடைத்தன. என் நோட்டில் முதல் மண்டபத்துக்கு நேரே கட்டிய வருஷத்தை இன்றுவரை நான் எழுதவில்லை. ஆனால் அதன் பிறகு எந்தப் பழைய தூணைக் கண்டாலும், எழுத்தைத் தேடுமுன், கயிறு தேய்த்த இடம் இருக்கிறதா என்று என் கை முதலில் தடவிப் பார்க்கிறது.