மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை

போன வருடம் மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் கூட்டத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். "சுத்தி வளைக்காம சொல்லுங்க மாமா" என்று இப்போதே சொல்லிவிட்டாள். முயற்சி செய்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதை முடிவு செய்வதானாலும் கூட்டத்தைப் பார்த்து "எல்லாருக்கும் சம்மதமா?" என்று மூன்று தடவை கேட்கவேண்டும். முதல் தடவை யோசிக்க. இரண்டாம் தடவை பேச. மூன்றாம் தடவை கேட்டபிறகு வருகிற பதில்தான் கணக்கு. அப்போது யாரும் வாய் திறக்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது. கேட்க ஆரம்பித்த ஆளேதான் மூன்றையும் கேட்டு முடிக்கவேண்டும். கோவில் கொடைக்கு வரி போடுவதிலிருந்து கக்கூஸ் கதவு மாற்றுவது வரை இப்படித்தான். கேட்கிற ஆள் நான்.

அந்த வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் என் தொண்டை. இந்த ஊருக்கு வந்த புதிதில் கைவண்டி இழுத்தேன். தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, ஆள் ஒதுங்கவே இடமில்லாத கல்லி என்கிற சந்துகளில் "பாஜூ, பாஜூ" என்று நாள் பூராவும் கத்தவேண்டும். ஓரம் போ என்று அர்த்தம். ஒரு தடவை காட்கோபர் வரைக்கும் இழுத்திருக்கிறேன். அன்றைக்குப் பாலத்து ஏற்றத்தில் செருப்பு அறுந்து, ஒரு குஜராத்திக்காரர் வந்து பின்னால் தள்ளினார், அவர் வெள்ளை வேட்டியெல்லாம்... சரி, மருமகள் பேனாவை மூடிவிட்டாள்.

எங்கள் கல்லி முனையில் சங்க ஆபீசுக்கு எதிரே ஒரு பொதுக் குழாய் இருந்தது. முன்வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே பைப் இழுத்து மோட்டார் போட்டுவிட்டார்கள். கடைசி வீடுகளுக்கு மட்டும் பைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. முன்வீட்டு மோட்டார்களே தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் அவர்கள்தான் பொதுக் குழாயில் குடத்தோடு நிற்பார்கள். குழாயடியில் எப்போதும் சேறு, எப்போதும் சண்டை. ஆபீசுக்கு வருகிறவர்கள் வழுக்கி விழுந்ததும் உண்டு. குழாயை அடைத்துவிடலாம் என்று சங்கக் கமிட்டி பேசி வைத்திருந்தது.

கடைசி வீட்டில் ஓர் அம்மா இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இட்லி அவித்து, டப்பாவில் அடுக்கி, பட்டறை பட்டறையாக நடந்தே போய் விற்கிறவள். ஊறப்போடுவது, ஆட்டுவது, அவிப்பது, கழுவுவது எல்லாம் அந்தக் குழாய்த் தண்ணீரில். குழாய் போனால் அவள் பிழைப்பு போயிற்று. இது கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குக் கூட்டத்தில் சங்கத் தலைவர் குழாய் விஷயத்தைச் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார். நான் எழுந்து முதல் தடவை கேட்டேன். பின்னால் சுவரோரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து அந்த அம்மா எழுந்து நின்றாள்.

"எனக்குச் சம்மதம் இல்ல."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன், ஒருவரும் அப்படிச் சொன்னதே கிடையாது. சொன்னால் என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை.

"இல்லன்னு சொன்னா அதுக்கு என்ன ரூலுவே?" என்று ஒருவர் கேட்டார்.

"ரூலு எங்க இருக்கு? இதுக்கு முந்தி யாரு சொன்னா?"

"அவளுக்கு இட்லிக்குத் தண்ணி வேணும், நாம சேத்துல நீச்சல் அடிக்கணுமாக்கும்" என்றான் ஒருத்தன்.

"காலைல நாலு இட்லிய தின்னுட்டு வந்து பேசுதான் பாரு" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது.

இரண்டாம் தடவை கேட்டேன். "இல்ல" என்றாள். இந்தத் தடவை கத்திவிட்டார்கள். "ஒக்காரும்மா", "ஒருத்திக்காக ஊரு நிக்கணுமா" என்று நாலு பக்கமும் பேச்சு. தலைவர் என் காதருகே குனிந்து, "மூணாவதையும் கேட்டு முடிச்சுருங்க மாமா. அவ ஒருத்திதானே" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு தடவை கேட்டால் இத்தனை பேர் சத்தத்தில் இவள் குரல் அமுங்கிவிடும், குழாய் போய்விடும் என்று தோன்றியது. கேட்காமல் விட்டால் முடிவே ஆகாதல்லவா.

"எனக்குத் தொண்டை அடைச்சுட்டு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் அப்படியே கலைந்தது. என்னை முறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. எனக்கு அதில் கவலை இல்லை. ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் டீ குடித்தேன்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்கே இட்லி வாங்கப் போனேன். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தது உண்மைதான். அவள் சட்னியை ஊற்றிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"ஏன் அண்ணாச்சி ஒக்காந்துட்டிய?"

"ஒன் குழாய் நிக்கட்டும்னுதாம்மா."

"மூணாவது தடவ சொல்லுததுதானே கணக்கு? அதுக்குத்தானே நான் எந்திச்சு நின்னேன். நீங்க கேட்டிருந்தா நான் இல்லன்னுருப்பேன். அப்புறம் அவிய என்ன செய்வாவன்னு எல்லாரும் பாத்திருக்கலாம்லா. நான் தோத்துருவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அடுத்த கூட்டத்துல கேக்கேன்" என்றேன்.

"அடுத்த கூட்டம்னு ஒண்ணு வந்தால்ல" என்றாள்.

வரவில்லை. நேரில் கூடினால் சண்டைதான் வருகிறது, இனிமேல் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதில் தலைவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மருமகள் படித்துக் காட்டினாள். குழாய் விஷயத்தில் மூன்றாம் கேள்விக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, நாளைக்குள் பதில் வராவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். என் பேரில் 'சம்மதம் இல்லை' என்று போடச் சொன்னேன். அதற்குக் கீழே ஒருவர் சிரிக்கிற மூஞ்சியைப் போட்டு, "தொண்ட சரியாயிட்டா மாமா?" என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் பேசவில்லை.

தலைவரின் தையல் பட்டறைக்கே போனேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. என் வீட்டுக்காரி சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து உட்கார்ந்தவர். நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, "கேக்குத ஆளு பதில் கணக்குல சேராது மாமா. நான் பொய்யா எழுதிருக்கேனா? மூணாவது கேள்விக்கு யாராவது இல்லன்னு சொன்னாவளா?" என்று கேட்டார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு யார் பதில் சொல்லமுடியும்? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

குழாயை அடைத்து, அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. அந்த அம்மா பக்கத்துக் கல்லியிலிருந்து கேனில் தண்ணீர் சுமக்கிறாள். இடுப்பு வலி வந்துவிட்டது, தினமும் ஓர் ஈடு இட்லியைக் குறைத்துக்கொண்டாள். என்னோடு பேசுகிறாள். கோபம் இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. எனக்கு அதுவே பாரமாக இருக்கிறது.

அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நானே ஒன்றை நினைத்துக்கொண்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் மட்டும் கேட்கவில்லை. இந்த வயதில் இப்போதெல்லாம் யாருக்காவது ஒத்தாசைக்குப் போனால் முதலில் அவர்களைக் கேட்டுவிடுகிறேன்.