நகராத நிழல்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவள் அரைப்படிதான். உயரம் அப்படி. நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இயந்திரத்துக்கு முன்னால் ஒரு பலகையைப் போடச் சொன்னார். அந்தப் பலகைமேல் நின்றுகொண்டு அவள் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற வேகத்தைப் பக்கத்துப் பிரிவுக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கண் பார்க்க வேண்டியதில்லை. விரல்களே போய் நூலைத் தேடிப் பிடிக்கும்.

பலகை உயரம்வரை அவளுக்குப் பயமில்லை. அதற்குமேல் ஒரு சாண் என்றாலும் முகம் வெளுத்துவிடும். பரண்மேலிருந்து பெட்டி இறக்குவது, விளக்கு மாற்றுவது, ஒட்டடை அடிப்பது எல்லாம் அக்காவின் தலையில். அக்கா தையல்காரி. நெடுநெடுவென்று வளர்ந்தவள். "உன் பங்கு உயரத்தையும் நான் சுருட்டிக்கிட்டேன்ல, அதுக்குத்தான் இந்தத் தண்டனை" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறுவாள்.

ஆலை மூடியபின் தங்கை விதைக்கடையில் பொட்டலம் போடப் போனாள். கடையின் பின்சுவரில் சாய்த்து வைத்ததுபோல, தெற்கே சரியும் கூரையோடு ஒரு கண்ணாடி வீடு இருந்தது. உள்ளே உடைந்த தொட்டிகளும் காலிச் சாக்குகளும். ஒரு மூலையில், முதலாளி எந்த ஆசையிலோ வாங்கிப்போட்டு மறந்துபோன ஆர்க்கிட் கன்றுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தன. சாப்பாட்டு இடைவேளைகளில் தங்கை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். அழுகிய வேரை நறுக்கி, நல்ல வேரைச் சிக்கெடுத்து, கரித்துண்டும் தேங்காய் நாரும் போட்டு மாற்றி நட்டாள். நூலைப் பிடித்த விரல்களுக்கு வேர் பிடிபட எத்தனை நாளாகும்? கன்றுகள் துளிர்த்ததைப் பார்த்த அன்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களைக்கூட விடவில்லை.

முதலாளியும் ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதெல்லாம் செத்துப்போச்சுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"அதுங்களுக்கு அந்தச் சேதி வந்து சேரலைங்க" என்றாள் தங்கை.

அவர் சிரித்தார். சிரித்த கையோடு நிபந்தனையும் போட்டார். "சரக்கு வண்டி நிறுத்த இடமில்ல. இதைப் பிரிச்சிடலாம்னு இருந்தேன். இப்போ வெயில் காலம் வருது. இந்தக் கன்னுங்க அதைத் தாண்டிட்டா இந்த இடம் உன் பொறுப்பு, நீயே நடத்து. தாண்டலைன்னா பிரிச்சிடுவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

அன்றிலிருந்து தங்கைக்கு வேறு நினைப்பே இல்லை. வெயில் ஏற ஏற, கண்ணாடிக்குள் அடுப்படி மாதிரி அனல். பச்சை வலை கட்டிவிடு என்றார்கள். வலை கட்டினால் கட்டியதுதான், மப்பான நாளில் கன்றுகள் இருட்டில் வெளிறிப்போகும். மூங்கில் திரை என்றால் வெயிலுக்கு விரிக்கலாம், மப்புக்குச் சுருட்டலாம். அதையும் உள்பக்கம் தொங்கவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? கூரைக்கு வெளியே, கண்ணாடிமேல் விரிப்பது என்று முடிவு செய்தாள்.

திரை போடுகிறவர் வந்து கூரையை அளந்தார். இரண்டு விரல் அகல மூங்கில் தப்பைகள், நடுவே ஒரு விரல் இடைவெளி.

"தப்பை குறுக்கா வரணுமா, நெடுக்கா வரணுமாம்மா?"

"எப்படி வெச்சா தரையில நின்னே இழுக்கலாம்?"

"குறுக்கா வெச்சா. மேலேருந்து சரிவுல தானா உருண்டு வரும். வாசல்ல நின்னு கயித்தை விட்டாப் போதும். ஆனா நெடுக்கா வெச்சாத்தான்..."

"குறுக்காவே போடுங்க" என்றாள் தங்கை, அவர் முடிப்பதற்குள்.

திரையின் ஓரங்கள் பிரியாமலிருக்கக் கெட்டித் துணிப்பட்டை தைத்தது அக்கா. மூங்கிலில் ஊசி இறங்காது என்பதால் தப்பைக்குத் தப்பை நூலைச் சுற்றி, இடைவெளி ஒரு மயிரிழை மாறாமல் தைத்தாள்.

"கல்யாணப் பொண்ணு ரவிக்கைக்குக்கூட நீ இப்படி மெனக்கெட்டதில்லக்கா."

"ரவிக்கை கோணினா உடுத்தினவ இழுத்து விட்டுக்குவா. உன் கண்ணாடிக்குக் கை இருக்கா?"

திரை ஏறியதும் கண்ணாடி வீடு வேறு இடமாகிவிட்டது. வாசலில் நின்று கயிற்றைத் தளர்த்தினால் திரை சரசரவென்று இறங்கும். உள்ளே வெளிச்சம் கோடு கோடாக விழுந்து கிடக்கும். தங்கை அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அக்காவும் தன் தையல்கடையைச் சீக்கிரம் மூடும் நாட்களில் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையிலேயே வந்தபோது, தட்டுகளில் தொட்டிகள் எல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பதை அக்கா கவனித்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். கூரைக்கு அருகே, மேல்தட்டில் இருந்த கன்று அது. இலையில் வெந்து காய்ந்த கோடுகள்.

"இதென்னடி, புலிக்குட்டி வளர்க்கிறியா?"

தங்கை தண்ணீர்க் குவளையை இடம் மாற்றி வைத்தாள். மறுபடி எடுத்து முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள்.

"எத்தனை கன்னு?"

"மேல்தட்டு பூரா. கீழ்த்தட்டும் ஆரம்பிச்சிருக்கு." இன்னொரு தொட்டியையும் திருப்பிக் காட்டினாள். "திரை போட்டும் எப்படிக்கா கருகும்? ஏதாவது நோயா இருக்குமா?"

அக்கா கழுத்திலிருந்த அளவுநாடாவை எடுத்தாள். கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை இலை இலையாகப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு. அவள் தைத்த அளவு.

"நோய்க்கு நாடா பிடிக்கத் தெரியாதுடி" என்றாள்.

பிறகு தையல் சாக்குக்கட்டியை எடுத்து, தட்டில் விழுந்திருந்த ஒரு வெளிச்சக் கோட்டின் ஓரத்தில் கீறினாள். இருவரும் வெளியே போய் விதைப்பொட்டலங்களை அடுக்கினார்கள். மதியம் தாண்டித் திரும்பி வந்து பார்த்தால், வெளிச்சம் அதே சாக்குக் கீறலை உரசிக்கொண்டு அப்படியே கிடந்தது. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. தப்பைகளும் கிழக்கு மேற்காகவே கிடந்தன. சூரியன் அந்த இடைவெளி வழியாகவே தண்டவாளத்தில் போவதுபோல் நாள் முழுக்கப் போக, இலையில் வெயில் பட்ட இடத்திலேயே பட்டுக்கொண்டிருந்தது.

திரை போட்டவரை வரச்சொன்னார்கள். அவர் கூரையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்தார்.

"நெடுக்கா வெச்சாத்தான் நிழல் நகரும்னு சொல்ல வந்தேன். நீங்க விடலை. நானும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும். இப்போ மாத்திடலாம். ஆனா ஒண்ணு. நெடுக்கா வெச்சா சரிவுல உருளாது, பக்கவாட்டுலதான் விரியும். உச்சியில கொக்கி மாட்டணும். காலையிலயும் சாயங்காலமும் யாராவது மேல ஏறித்தான் ஆகணும்."

'குறுக்காவே போடுங்க' என்று தங்கை அவசரப்பட்டது ஏன் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து ஏறிட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

"தினமும் ரெண்டு வேளையா? கடையை யார் பார்க்கிறது? நடுவுல மப்பு போட்டா ஆள் விட்டு உன்னைக் கூப்பிடவா?"

"கூப்பிடு. என்ன இப்போ?"

"வேணாம்க்கா." தங்கை தலை நிமிர்ந்தாள். "நீ ஏறினா அப்புறம் இது உன் கண்ணாடி வீடு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை.

திரையைப் பிரித்துத் திருப்பிக் கட்ட அக்கா ஓரப்பட்டை முழுவதையும் மறுபடி தைக்க வேண்டியிருந்தது. அது முடிவதற்குள் தங்கை தச்சரிடம் ஒரு ஏணி செய்யச் சொல்லியிருந்தாள். சாதாரண ஏணி இல்லை. ஒவ்வொரு படியும் அகலமான பலகை. எந்த அளவென்று தச்சர் கேட்டதற்கு, வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்த ஆலைப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். மேஸ்திரி போட்டுக் கொடுத்த அதே பலகை.

முதல் நாள் அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்டி."

"கெட்டியா?"

"ஏணியே வலிக்குதுன்னு அழும், அவ்வளவு கெட்டியா."

"சிரிப்புக் காட்டாத, விழுந்துடுவேன்."

"முதல் படியிலேருந்து விழுந்தா அடிபடாதுடி அரைப்படி. ஏறு."

ஒரு பலகையில் கால் வைத்தாள், நின்றாள். அடுத்ததில் வைத்தாள், நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு உச்சிக் கொக்கியைத் தேடினாள். விரல்கள் தடவித் தடவிப் போய்க் கண்டுபிடித்தன. அறுந்த நூலைப் பிடித்த மாதிரியே கயிற்றைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, இறங்கினாள். இறங்கியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த நாளும் அக்கா வந்தாள். அதற்கடுத்த நாள் கல்யாணத் துணி நெருக்கடி, வரமுடியவில்லை. தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தாளே தவிர, மனசெல்லாம் ஏணியடியில். மிதித்த மிதிக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது.

கன்றுகளில் மேல்தட்டில் இருந்த சில போய்விட்டன. மற்றவை பழைய கோடுகளோடு புது இலை விட்டன. புது இலையில் கோடு இல்லை. வெயிலின் கடுமை தணிந்த சமயம் முதலாளி வந்தார். சுற்றிப் பார்த்தார். ஒரு கன்றில் பென்சில் கனத்துக்குப் பூந்தண்டு நீட்டிக்கொண்டிருந்ததைத் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"வண்டியைத் தெருவுலயே நிறுத்திக்கிறேன்" என்றார். "சாவியை உன்கிட்டயே வெச்சுக்கோ."

சேதி கேட்டு அக்கா அன்று சாயங்காலம் ஓடோடி வந்தாள். கண்ணாடி வீட்டுக்குள் அவளுக்காக டீ மூடி வைத்திருந்தது. தங்கையைக் காணவில்லை. தட்டில் அந்தச் சாக்குக் கீறல் மட்டும் இன்னும் அழியாமல் இருந்தது. நிழலும் வெளிச்சமும் மெல்ல அதைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தபடி இருக்கும்போதே மேகம் மூடியது. தலைக்குமேல் மூங்கில் சரசரத்தது. திரை ஒரு பக்கமாகச் சுருண்டு விலக, அண்ணாந்து பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏணி உச்சியில் தங்கை. கண்களைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

"அங்க என்னக்கா வேடிக்கை? டீ ஆறுது பாரு, குடி."