ராஜம்மாள் டீச்சர் தம்பியை அனுப்பிய இடம்

செவ்வாய்க்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் ராஜம்மாள் டீச்சரின் தம்பி கோவிந்தராஜ் எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டார். சைக்கிளை விட்டு இறங்கியவர் வாசலைத் தாண்டவில்லை. "அக்கா போயிட்டாங்க டீச்சர்" என்றார். பெரியநாயக்கன்பாளையத்தில் ராஜம்மாள் டீச்சரை அறிந்தவர்களுக்கு அவர் எப்படிப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். அதை நாம் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

ஒருமுறை ஐந்தாம் வகுப்பில் சாரைப்பாம்பு புகுந்தது. உடன் வேலை பார்த்த நாங்களும் பிள்ளைகளும் பெஞ்சு மேல் ஏறிவிட்டோம். அவர் துடைப்பத்தோடு அதன் எதிரே நின்று, "ஏனுங்க கத்தறீங்க? அது நம்மளப் பாத்துப் பயந்து கெடக்குது" என்றார்.

அப்படிப்பட்டவர் டாக்டரிடம் போகப் பயந்தார். தை மாதம் மலத்தில் ரத்தம் கண்டது. என்னிடம் மட்டும் சொன்னார். "மூலச் சூடுதானுங்க. மோர் குடிச்சாச் சரியாப் போயிரும். அந்த எடத்தையெல்லாம் டாக்டருகிட்ட எப்படீங்க காட்டறது?" சித்திரையில் ரவிக்கை தொளதொளத்தது. ஆடியில் கரும்பலகை முன்னாலேயே சரிந்து விழுந்தார்.

கோவைக்குக் கூட்டிப் போனோம். பெருங்குடலில் புற்று, ஈரல் வரை பரவிவிட்டது என்றார் டாக்டர். தொடக்கத்திலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமாம். டீச்சருடைய அப்பாவும் இப்படி ரத்தம் போய்த்தான் இறந்தார் என்று தெரிந்ததும், "தொந்தரவு இல்லாவிட்டாலும் தம்பியும் உடனே குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

கோவிந்தராஜ் மறுத்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா."

"ஒண்ணுமில்லாதப்பவே போகோணும் கண்ணு."

"பயமா இருக்குதுங்க்கா."

"பயந்துட்டே போ. போகாம மட்டும் இருந்துபோடாதே. நீ போயிட்டு வந்தாத்தான் நான் கஞ்சி குடிப்பேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்கத் தண்ணீர்கூடத் தொடவில்லை. மறுநாள் கோவிந்தராஜ் போனார். பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் குடலுக்குள் சிறு சதை வளர்ந்திருந்தது. புற்றாக மாறும் முன்பே எடுத்துவிட்டார்கள். சேதி கேட்டு டீச்சர் குலுங்கி அழுதார். பிறகு கஞ்சி கேட்டார்.

ஆவணியிலிருந்து எனக்கும் ரத்தம் போகிறது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. மூலமாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாம்பின் எதிரே நின்ற டீச்சரின் துணிச்சல் எனக்கு வராது. பயந்துகொண்டே போகலாம் என்று அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை கோவை பஸ் ஏறுகிறேன். கோவிந்தராஜ் துணைக்கு வருகிறார்.