ரஹ்மத்துல்லாவும் நாலு சால் கரும்பும்

மண்ணெண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டு ரஹ்மத்துல்லா காலனித் தெருவுக்குள் நுழைந்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம்.

"மம்பட்டி வச்சிருக்கறவன் மம்பட்டியோட வா. இல்லாதவன் கையோட வா. ரெண்டும் இல்லாதவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுத் தூங்கு."

மேல்பட்டாம்பாக்கம் இளைஞர் மன்றத்துக்கு அவர் காரியதரிசி. வயது முப்பது; ஊதினால் பறந்துவிடும் உடம்பு. வாரத்தில் ஆறு நாள் நெல்லிக்குப்பம் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற கை, ஏழாம் நாள் மண் சுமக்கும். மீட்டர் வந்ததும் முதலாளி தூக்கி எறிந்த கஜக்கோலால்தான் மன்றம் போடும் ரோட்டை அளப்பார்.

"நாப்பது கஜம் மச்சான். யானைக்கு ஒரு ஜிப்பா தைக்கலாம்" என்பார் மன்றத்துக் கூட்டாளி சடையப்பனிடம். கூட்டம் சிரித்துக்கொண்டே அடுத்த கூடையைத் தூக்கும்.

காலனியிலிருந்து பெரிய ரோட்டுக்கு வழி கிடையாது. ஐப்பசி மழையில் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடம் போவதை ஒருநாள் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அந்த மனிதருக்கு ஞாயிறு என்று ஒரு ஓய்வு இருந்ததே இல்லை.

இந்த மாசியில் ரோடு மாரியம்மாளின் கரும்பு ஓரத்தில் வந்து நின்றது. புருஷனை இழந்தவள். அரைக்காணி நிலம். வைகாசியில் வைத்திருக்கும் மகள் கல்யாணம் முழுக்க அந்தக் கரும்பின் மேல்தான் நிற்கிறது. ஆனாலும் மனசு பெரிது. "வெட்டு முடிஞ்சதும் ஓரமா நாலு சால் நெலத்த ரோட்டுக்கு எடுத்துக்க தம்பி" என்றாள்.

சந்தோஷத்தில் ரஹ்மத்துல்லா பாதியைத்தான் மன்றத்தில் சொன்னார்: "அந்தம்மா நாலு சால் குடுத்துட்டாங்க." மறுநாள் ஞாயிறு, ரோட்டில் வரும் வாய்க்கால் பாலத்துக்குக் குழாய் வாங்கத் திருப்பாதிரிப்புலியூர் போனார். திரும்பி வந்தபோது நாலு சால் கரும்பும் தரையில் கிடந்தது.

சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு இல்லாமல் ஒரு கழியும் எடைமேடை ஏறாது. மாரியம்மாளின் முறை வர இன்னும் மூன்று வாரம். வெட்டிய கரும்போ மூன்றாம் நாள் சக்கை.

மாரியம்மாள் கத்தவில்லை. "ஒரு வார்த்தை என்னைய கேட்டிருக்கலாமே தம்பி" என்றாள். கத்தியிருந்தால் தேவலை.

"நாந்தான் மச்சான் வெட்டச் சொன்னேன்" என்றான் சடையப்பன்.

"நீ வெட்டுன. பாதி சேதி சொன்னவன் நாந்தானே."

ரஹ்மத்துல்லாவுக்கும் குத்தகைக் கரும்பு உண்டு. அதற்கு உத்தரவு மறுநாள் காலை. அன்று சாயங்காலமே வெட்டு முறை எழுதும் ஆலை ஃபீல்டுமேன் வைத்திலிங்கம் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"முறைய மாத்திக்கலாம் பாய். ஆனா முழு வயலையும் மாத்தணும். மூணு வாரம் வெயில்ல நின்னா உங்க கரும்பு எடை போயிடும். யோசிச்சுக்கங்க."

"யோசிச்சிட்டுத்தான் சார் வந்தேன். அவுங்க பேரை எழுதுங்க."

திங்கள் விடிந்ததும் வெட்டாட்கள் வந்தார்கள். ரஹ்மத்துல்லா முன்னால் நடந்தார்.

"பாய், உங்க வயலு இங்க கீது. தூக்கக் கலக்கமா?" என்றான் வெட்டாள் ஒருவன்.

அவர் மாரியம்மாளின் வயலில் இறங்கி, கைலியை மடித்துக் கட்டி, "பிஸ்மில்லா" என்று குனிந்து முதல் கழியை மண்ணோடு ஒட்ட வெட்டினார். வரப்பில் நின்றவளிடம் அதை இரண்டு கையாலும் நீட்டினார். மாரியம்மாள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.